தூரிகையில் இருந்து ஸ்பிறே கன் வரை: கறளுக்கு எதிரான கருவிகளின் கதை

முடிவே இல்லாத வேலை ஒன்றைச் சொல்வதற்குப் பிரித்தானியாவில் ஒரு பேச்சுவழக்கு இருக்கிறது. 'போர்த் பாலத்துக்குப் பெயின்ற் அடிக்கிற மாதிரி' என்பார்கள். ஸ்கொட்லாந்தில், எடின்பரோ நகருக்கு அருகே, போர்த் ஆற்றின் முகத்துவாரத்தைக் கடந்து போகிற ரயில் பாலம் அது. 1890 மார்ச்சில் திறக்கப்பட்டது. கிட்டத்தட்ட இரண்டரைக் கிலோமீற்றர் நீளம், 50,000 தொன்னுக்கு மேற்பட்ட உருக்கு. ஒரு முனையில் பூசத் தொடங்கி மற்ற முனைக்குப் போய்ச் சேருவதற்கிடையில் தொடங்கின இடம் கறள் பிடித்துவிடும், திரும்பவும் முதலில் இருந்து தொடங்கவேணும் எண்டதுதான் கதை. உண்மையில் அப்படி வரிசையாக ஒருநாளும் பூசப்படவில்லை. காற்றும் மழையும் உப்பும் கூடுதலாகத் தாக்கிய இடங்களைத் தேடித்தேடிப் பூசினார்கள். ஆனாலும், அந்தப் பாலத்துக்கு எண்டே ஒரு பெயின்ரர் குழு பல காலம் இருந்தது உண்மை.

பாலத்தைப் பற்றி வாசித்தால் பொறியியலாளர்கள் ஜோன் பௌலர், பெஞ்சமின் பேக்கர் ஆகியோரின் பெயர்கள் உடனே கிடைக்கும். கட்டிக்கொடுத்த வில்லியம் அரோலின் பெயரும் கிடைக்கும். கட்டும்போது இறந்த தொழிலாளர்களின் தொகை மட்டும் நீண்டகாலம் 57 எண்டே சொல்லப்பட்டு வந்தது. பிறகு உள்ளூர் வரலாற்று ஆர்வலர்கள் பழைய பதிவுகளைத் தேடி அந்தத் தொகையை 73 ஆகத் திருத்தினார்கள். விழுந்து இறந்தவர்களைக் கணக்கெடுக்கவே நூறு வருடத்துக்கு மேல் தேவைப்பட்டிருக்கிறது. அப்படியெண்டால், பாலத்தைக் கறளில் இருந்து காப்பாற்றியவர்களின் கைக்கும் நெஞ்சுக்கும் என்ன நடந்தது எண்டதை யார் எழுதி வைத்திருப்பார்கள்?

கலைப்பீடத்தில் படிக்கிற எங்களுக்கு இரும்பிலும் பெயின்றிலும் என்ன வேலை எண்டு கேட்கலாம். உருக்குக்குப் பாதுகாப்புப் பூச்சு பூச எந்தக் கருவியைத் தெரிவு செய்வது எண்டது பொறியியலாளரின் கேள்வி போலத்தான் தோன்றும். ஆனால் அந்தத் தெரிவின் வரலாற்றைத் தேடிப் போனால், தொழிலாளரின் உடம்புக்கு யார் என்ன விலை போட்டார்கள் எண்ட கணக்கும் கூடவே வருகிறது. இந்தக் கட்டுரையில் இரண்டையும் சேர்த்தே பார்க்கிறோம்.

பூச்சு என்ன செய்கிறது?

இரும்பு கறள் பிடிக்க நீரும் ஒக்சிசனும் போதும். உப்பு இருந்தால் வேகம் கூடும். கடற்கரைப் பக்கம் வீடு இருக்கிற எல்லாருக்கும் இது தெரியும். புதுக் கேற் போட்டு இரண்டு மாரி போக முதலே பிணைச்சலடியில் மண்ணிறம் தெரியத் தொடங்கிவிடும். அதனால்தான் மேல் நிறம் அடிக்க முதல் 'அன்டிகொறோசிவ்' அடி எண்டு ஒட்டுவேலைக்காரர் சொல்லுவார்.

பூச்சின் வேலை இரும்புக்கும் வெளிக்கும் நடுவில் ஒரு சுவராக நிற்பது. அந்தச் சுவரின் தடிப்பை மைக்கிரோனில் அளக்கிறார்கள். ஒரு மைக்கிரோன் எண்டால் ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு தலைமயிரின் தடிப்பே 50 முதல் 100 மைக்கிரோன் வரை வரும். தட்டையான தகட்டில் பெயின்ற் சீராக நிற்கும். கூரான விளிம்பில் நிற்காது. காயும்போது விளிம்பை விட்டு விலகி மெல்லிசாகிவிடும். ஆணித் தலை, வெல்டிங் கோடு, இரண்டு தகடுகள் சந்திக்கிற இடுக்கு எல்லாம் இதே பிரச்சினைதான். கறள் எப்போதும் அங்கேயிருந்துதான் தொடங்குகிறது.

ஆகவே கருவியைத் தெரிவு செய்கிறவர் முதலில் மூன்று கேள்விகளைக் கேட்கவேணும். பூசப்போகிற திரவம் எப்படிப்பட்டது? பூசப்படுகிற உருக்கு தகடா, கம்பிச்சட்டமா, குழாயா? சுற்றியிருக்கிற காற்றும் இடமும் எப்படி? இந்த மூன்றும் பாடப்புத்தகத்தில் இருக்கும். நான்காவது கேள்வி ஒன்றும் இருக்கிறது. பூசுகிற மனிதர் எதைச் சுவாசிக்கப்போகிறார்?

தூரிகையின் காலம்

போர்த் பாலத்தின் தகடுகளுக்கு முதலில் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் பூசினார்கள். அதன்மேல் சிவப்பு ஈயம். கடைசியில் இரும்பு ஒக்சைட் கலந்த பெயின்ற். பாலத்தின் பேர்போன அந்தச் சிவப்பு அப்படித்தான் வந்தது.

சிவப்பு ஈயம் எண்டது ஈய ஒக்சைட் தூள். அடர்த்தி இரும்பை விடக் கூடியது. எண்ணெயில் கலந்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் அடியில் போய்ப் படிந்துவிடும். அதை அடிக்கடி கிளறவேணும், அழுத்தித் தேய்க்கவேணும். அதற்குத் தூரிகையை விடப் பொருத்தமான கருவி கிடையாது. தூரிகை பெயின்றைக் கறள் குழிக்குள்ளும் ஆணியைச் சுற்றியும் தள்ளிக்கொண்டு போகும். ஆளிவிதை எண்ணெயும் ஈயமும் சேர்ந்து உருவாக்குகிற ஈயச் சவர்க்காரம் கறளை மந்தப்படுத்தும். ஸ்பிறே வந்து பல காலத்துக்குப் பிறகும் 'முதல் பூச்சைத் தூரிகையால்தான் பூசவேணும்' எண்டு பால ஒப்பந்தங்களில் எழுதி வைத்தது பழமைப் பிடிவாதத்தால் அல்ல.

ஆனால் அந்தப் பெயின்ற் நஞ்சு. கையில் ஒட்டிய ஈயம் சாப்பாட்டோடு வயிற்றுக்குள் போகும். பழைய பூச்சைச் சுரண்டும்போது பறக்கிற தூசு மூக்கால் போகும். ஈயம் ஏறியவர்களுக்கு வருகிற கடும் வயிற்றுவலிக்கு ஐரோப்பிய வைத்தியர்கள் பெயின்ரர்களின் பெயரையே வைத்தார்கள். இன்னொரு அறிகுறியும் இருந்தது. மணிக்கட்டை நிமிர்த்துகிற நரம்பு செயலிழந்து கை தொங்கிப்போகும். வருடக்கணக்காகத் தூரிகை பிடித்த அதே கை. உயரத்தில் இருந்து விழுவது ஒரு கணத்தில் நடக்கிறது, எல்லாரும் காண்கிறார்கள், பதிவாகிறது. ஈயம் எடுக்கிற உயிர் மெல்ல மெல்லப் போகிறது. அதைக் கணக்கெடுப்பது கடினம்.

தொண்டை மருந்தில் இருந்து வந்த கருவி

1893இல் அமெரிக்காவின் சிக்காகோவில் பெரிய உலகக் கண்காட்சி நடந்தது. கட்டடங்கள் முழுவதையும் வெள்ளையாக்க முடிவு செய்தார்கள். நேரம் போதவில்லை. அலங்காரப் பொறுப்பில் இருந்த ஓவியர் பிரான்சிஸ் டேவிஸ் மில்லெற் அமுக்கிய காற்றால் பெயின்றை விசிறுகிற முறையைப் பயன்படுத்தினார். அதே நகரத்தின் பெரிய வணிகக் கட்டடம் ஒன்றில் பராமரிப்பு வேலை பார்த்த ஜோசப் பிங்ஸ், சுண்ணாம்பு அடிக்கக் கையால் பம்ப் பண்ணுகிற ஒரு கருவியைச் செய்திருந்தார். யாருக்குப் பெருமை சேரவேணும் எண்டதில் இரண்டு கதை இருக்கிறது. இரண்டிலும் காரணம் ஒன்றுதான். பரப்பு பெரிசு, நேரம் கொஞ்சம், கூலி மிச்சம் பிடிக்கவேணும்.

மூன்றாவது கதை ஓகையோ மாநிலத்தின் ரொலிடோ நகரத்தில் இருந்து வருகிறது. அலன் டிவில்பிஸ் ஒரு வைத்தியர். நோயாளிகளின் தொண்டைக்குள் மருந்தை விசிறுவதற்கு ஒரு சின்னக் கருவியைச் செய்து, 1888இல் ஒரு கம்பனியைத் தொடங்கினார். அவருடைய மகன் தோமஸ் அதே தத்துவத்தை வைத்து 1907இல் பெயின்றுக்கான ஸ்பிறே கன்னைச் செய்தார். தொண்டையை ஆற்றப் பிறந்த கருவியின் பிள்ளை, கொஞ்ச வருடத்தில் தொழிலாளரின் தொண்டையை நிரப்பத் தொடங்கியது. வரலாறு சிலவேளை இப்படித்தான் விளையாடுகிறது.

1920களில் கார்த் தொழிற்சாலைகள் கெதியாகக் காய்கிற லாக்கருக்கு மாறின. வாரக்கணக்கில் இழுபட்ட பெயின்ற் வேலை மணித்தியாலக் கணக்குக்கு வந்தது. இந்த லாக்கரைத் தூரிகையால் இழுக்க முடியாது, இழுக்கிற கையிலேயே காய்ந்துவிடும். ஸ்பிறேதான் ஒரே வழி. திரவம் மாறினால் கருவியும் மாறும் எண்டதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை.

காற்று ஸ்பிறேயில் கொம்பிரசரின் காற்று பெயின்றை உடைத்துப் புகாராக்குகிறது. தகட்டுக்கு வழவழப்பான முடிவு கிடைக்கும். ஆனால் புகாரில் பெரும்பங்கு இரும்பில் படாமல் வெளியே போய்விடும். பாலத்தின் கம்பிச்சட்டத்துக்கு அடித்தால் இன்னும் மோசம், கம்பிக்கு நடுவால் போகிறதுதான் கூட. விசிறுவதற்காகத் தின்னர் கலந்து இளக்கவேணும். அதனால் ஒரு தடவையில் கிடைக்கிற தடிப்பும் குறைவு. மிச்சம் எல்லாம் காற்றில். அந்தக் காற்றைத்தான் அடிக்கிறவர் சுவாசிக்கிறார்.

அமெரிக்கப் பெயின்ரர்களின் தொழிற்சங்கம் ஸ்பிறே கன்னை எதிர்த்தது. வேலை போய்விடும் எண்ட பயம் ஒன்று, நெஞ்சுக்குள் போகிற புகார் இன்னொன்று. முதலாவதை மட்டும் எடுத்து 'முன்னேற்றத்துக்கு எதிரானவர்கள்' எண்டு எழுதிவிடுவது சுகம். இரண்டாவது பயத்துக்கு ஆதாரம் இருந்தது. 1921இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஈய வெள்ளைப் பெயின்றைப் பற்றி ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. கட்டடங்களின் உட்பக்கத்துக்கு அதைப் பூசுவதைத் தடுத்தது. விசிறிப் பூசுவதாலும் உலர்வாகச் சுரண்டுவதாலும் வருகிற ஆபத்தைத் தடுக்க நடவடிக்கை எடுக்கச் சொன்னது. அதே உடன்படிக்கை, பெண்களையும் 18 வயதுக்குக் குறைந்த ஆண்களையும் அந்தப் பெயின்றோடு செய்கிற தொழில்துறை வேலையில் இருந்து விலக்கியது. நல்ல நோக்கம்தான். ஆனால் நஞ்சை முழுசாக வெளியேற்றுவதற்குப் பதிலாகப் பெண்களை வெளியேற்றுவது எண்ட பழக்கம் எங்கே இருந்து வந்தது எண்டு யோசிக்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம்.

காற்று இல்லாத ஸ்பிறே

1950களின் கடைசியில் ஏர்லெஸ் ஸ்பிறே சந்தைக்கு வந்தது. இதில் பெயின்றோடு காற்று கலப்பதில்லை. பம்ப் பெயின்றையே அமுக்கி, ஊசித்துளை மாதிரி ஒரு துளையால் வெளியே தள்ளும். வெளியே வந்ததும் பெயின்ற் தானாகவே சிதறும். 

பம்பை வாங்குகிறவர் முதலில் பார்ப்பது விகிதத்தை. 45:1 எண்டு எழுதியிருந்தால், உள்ளே கொடுக்கிற காற்றின் அமுக்கத்தை அது 45 மடங்காக்கும். சதுர அங்குலத்துக்கு 100 இறாத்தல் காற்று கொடுத்தால், பெயின்றில் 4,500 இறாத்தல். கார் ரயருக்கு நாங்கள் அடிக்கிற காற்று 30 இறாத்தல் அளவுதான் எண்டதையும் நினைவில் வையுங்கோ.

அடுத்தது நுனி. நுனியில் 517 எண்டு பொறித்திருந்தால் அதை உடைத்து வாசிக்கவேணும். முதல் இலக்கம் 5, அதை இரட்டித்தால் 10. ஓர் அடி தூரத்தில் பிடித்தால் 10 அங்குல அகலத்துக்குப் பெயின்ற் விரியும். மிச்சம் 17, துளையின் அளவு அங்குலத்தில் ஆயிரத்தில் 17 பங்கு. பெரிய தகட்டுக்கு அகலமான விசிறி, ஒடுக்கமான கம்பிக்கு ஒடுங்கின விசிறி. தடிப்பான எப்பொக்சிக்குப் பெரிய துளை, இளகின பெயின்றுக்குச் சின்னத் துளை. துளை தேயத் தேயப் பெயின்ற் வீணாகும், தடிப்பும் கட்டுப்பாட்டில் இராது. அதனால் தேய்ந்த நுனியை மாற்றாமல் மிச்சம் பிடிக்கிறவர் உண்மையில் நட்டப்படுகிறார்.

ஏர்லெஸ் வந்தபிறகு தின்னர் குறைந்தது, புகாரும் குறைந்தது. ஒரே தடவையில் நல்ல தடிப்பு கிடைத்தது. கப்பல், எண்ணெய்த் தாங்கி, பாலம் எல்லாம் அதற்கு மாறின. ஆனால் புது ஆபத்து ஒன்றும் கூட வந்தது. அந்த அமுக்கத்தில் வருகிற பெயின்ற் விரலில் பட்டால் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே பார்த்தால் ஊசி குத்தின அடையாளம் மட்டும் இருக்கும், நோவும் முதலில் பெரிசாக இராது. 'ஒன்றும் இல்லை' எண்டு கழுவிவிட்டு வேலையைத் தொடர்ந்தால் விரலையே இழக்க நேரலாம். உடனே சத்திரசிகிச்சை தேவைப்படுகிற காயம் அது. கன்னுக்குப் பூட்டு, நுனிக்குக் காப்பு எல்லாம் ஏன் வைத்திருக்கிறார்கள் எண்டதற்கு இதுதான் பதில்.

பெயின்றே கருவியைத் தெரிவு செய்கிறது

கலிபோர்னியாவின் கோல்டன் கேற் பாலம் 1937இல் திறக்கப்பட்டபோது அதன் மேல் இருந்ததும் ஈயப் பெயின்ற்தான். கடல் மூடுபனிக்குள் நிற்கிற பாலம். 1960களின் நடுவில் கறள் கூடிப்போனது. 1965இல் தொடங்கிப் பழைய பூச்சைக் களைந்து, நாகச் சிலிக்கேற் அடிப்பூச்சும் வைனில் மேற்பூச்சும் பூசினார்கள். வேலை முடிய 1995 ஆகிவிட்டது. இடையில் 1990இல், காற்று மாசுக்கட்டுப்பாட்டு விதிகளுக்கு அமைய மேற்பூச்சை அக்ரிலிக்குக்கு மாற்றினார்கள். ஒரு தலைமுறை முழுக்க ஒரே பாலம்.

நாகம் நிறைந்த பூச்சு வெறும் சுவர் அல்ல. நாகம் தன்னை அரித்துக்கொடுத்து இரும்பைக் காப்பாற்றுகிறது. இந்த நாகச் சிலிக்கேற் அவுஸ்திரேலியாவில் விக்ரர் நைற்றிங்கோல் என்பவர் உருவாக்கியது. 1940களில் மோர்கனில் இருந்து வையல்லாவுக்குத் தண்ணீர் கொண்டுபோக அமைத்த நீண்ட குழாயில் அதைப் பெரிய அளவில் பயன்படுத்தினார்கள். ஆனால் இது பிடிவாதமான பூச்சு. நாகத்தூள் பாரம், நிறுத்தினால் அடியில் இறங்கிவிடும். ஆகவே பானைக்குள் சுழன்று கிளறுகிற துடுப்பு உள்ள கருவிதான் வேணும். குழாய் நீளமாக இருக்கக்கூடாது, அதற்குள்ளும் தூள் படியும். சிவப்பு ஈயத்தைக் கிளறிக்கொண்டே பூசின பழைய பெயின்ரரின் கைவேலையை இங்கே ஒரு மோட்டர் செய்கிறது.

தூரிகை ஓய்வெடுத்ததா எண்டால் இல்லை. இன்றைக்கும் ஸ்பிறே அடிக்க முதல் விளிம்பு, ஆணித்தலை, வெல்டிங் கோடு எல்லாவற்றுக்கும் தூரிகையால் ஒரு கோடு இழுக்கிறார்கள். மெல்லிசாகிற இடத்துக்கு முன்கூட்டியே தடிப்பு கொடுப்பதற்கு. நூற்றுச் சொச்சம் வருடத்துக்குப் பிறகும் கருவிகளின் பட்டியலில் முதலாவதாக நிற்பது அதுதான்.

முடிந்துபோன முடிவில்லா வேலை

எந்தக் கருவியால் பூசினாலும், கீழே கறள் இருந்தால் பூச்சு நிற்காது. அமெரிக்கரான பெஞ்சமின் ரில்மன் 1870இல் மணலை வேகமாக அடித்துச் சுத்தப்படுத்துகிற முறைக்குக் காப்புரிமை எடுத்தார். உருக்கை வெண்மையாகத் துடைத்தெடுக்க அது அருமையான வழி. ஆனால் உடைகிற மணல் சிலிக்காத் தூசாகி நுரையீரலில் தங்கி அதைத் தழும்பாக்கியது. 1949இல் பிரித்தானியா தொழிற்சாலைகளில் வார்ப்புகள் முதலியவற்றை மணலால் அடித்துச் சுத்தம் செய்வதைத் தடை செய்தது. காப்புரிமைக்கும் தடைக்கும் இடையில் 79 வருடம்.

போர்த் பாலத்துக்கும் கடைசியில் ஒரு முடிவு வந்தது. 2002 தொடக்கம் 2011 வரை, ஏறத்தாழ 130 மில்லியன் பவுண் செலவில், பழைய பூச்சுகள் எல்லாவற்றையும் அடித்துக் களைந்து வெறும் உருக்கில் இருந்து தொடங்கினார்கள். வட கடல் எண்ணெய் மேடைகளுக்காக உருவாக்கப்பட்ட, கண்ணாடிச் செதில் கலந்த எப்பொக்சி பூசப்பட்டது. அந்தச் செதில்கள் மீன் செதில் மாதிரி ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்து நீர் உள்ளே இறங்குகிற பாதையை நீட்டிவிடும். குறைந்தது 25 வருடத்துக்குத் திரும்பப் பூசத் தேவையில்லை எண்டு அறிவித்தார்கள். பேச்சுவழக்கு அதன் பிறகும் பாவனையில்தான் இருக்கிறது. களைந்தெடுத்த பழைய பூச்சில் ஈயம் இருந்ததால், அது ஆற்றில் விழாமல் வேலை நடக்கிற பகுதிகளை மூடிக் கட்டினார்கள். ஆற்றுக்குக் கிடைத்த அந்த மூடல் முந்திய தலைமுறைப் பெயின்ரர்களின் மூக்குக்குக் கிடைக்கவில்லை.

சிட்னித் துறைமுகப் பாலத்தில் இன்னும் ஒரு படி போயிருக்கிறார்கள். 1932இல் திறந்த அந்தப் பாலத்தின் முதல் மூன்று பூச்சுகளுக்கே 272,000 லீற்றர் பெயின்ற் போனது. 2013 அளவில் இருந்து, பல்கலைக்கழக ஆய்வில் பிறந்த இரண்டு ரோபோக்கள் அதன் பழைய பூச்சை அடித்துக் களைகின்றன. ஈயத் தூசுக்குள் மனிதர் நிற்கவேண்டிய நேரம் அந்த அளவுக்குக் குறைகிறது.

எங்கள் பக்கத்துக் கேள்வி

ரோபோ இங்கே வரும்வரை காத்திருக்கச் சொல்லி நாங்கள் எழுதவில்லை. எங்கள் ஊர்களில் வெல்டிங் கடைகளிலும் கராஜ்களிலும் ஸ்பிறே அடிக்கிறவர்களில் எங்கள் வயதுப் பெடியன்கள் நிறையப் பேர். மூக்கைச் சுற்றி ஒரு லேஞ்சி, அவ்வளவுதான். லேஞ்சி தூசில் கொஞ்சத்தை மறிக்கும். தின்னர் ஆவியை மறிக்காது. இரண்டு டின் கலந்து அடிக்கிற பொலியூறித்தேன் பெயின்றின் கடினமாக்கியில் ஐசோசயனேற் எண்ட பொருள் இருக்கும். அது ஆஸ்துமாவைக் கொண்டுவரும். ஒருமுறை உடம்பு அதற்குப் பழுதாகிவிட்டால் பிறகு மிகக் கொஞ்சம் பட்டாலே மூச்சு அடைக்கும். அதை விசிறுகிறவருக்கு வெளியில் இருந்து குழாயால் நல்ல காற்று கொடுக்கவேணும். 

கொம்பிரசர் வாங்கக் காசு ஒதுக்குகிற முதலாளி, காற்றுக் கவசத்துக்கும் ஒதுக்குகிறாரா? சின்னக் கேற் ஒன்றுக்குத் தூரிகையும் றோலரும் போதும் எண்ட இடத்தில் ஏன் கன்னை எடுக்கிறோம்? மலிவாக முடித்துத் தரச்சொல்லி அவசரப்படுத்துகிற நாங்கள், அந்த மலிவில் எது கழிக்கப்படுகிறது எண்டு கேட்டிருக்கிறோமா?

மேலே சொன்ன கதைகளில் ஒரு ஒழுங்கு தெரிகிறது. கருவி முதலில் வந்தது. உடம்பு பழுதானது. தொழிலாளர்கள் சொன்னார்கள். பல வருடம் கழித்துச் சட்டம் வந்தது. அந்த இடைவெளியைச் சுருக்குவதற்கு இப்போது எங்களுக்கு அறிவு இருக்கிறது. எந்தக் கருவி எண்டு தெரிவு செய்கிற மேசையில் அதைப் பிடிக்கப்போகிறவருக்கும் ஒரு கதிரை போட்டால், அடுத்த 79 வருடம் தேவைப்படாது.